சிற்றுயிரும் சிறுவர் இலக்கியமும்

தமிழ்க் குழந்தை முதன்முதலாகக் கேட்கும் அச்சச் சொற்களுள் ஒன்று பூச்சி. உண்ண மறுக்கும் குழந்தையிடம் பூச்சாண்டி வருகிறான் என்பதும், ஒருவரை மிரட்டுவதைப் பூச்சி காட்டுதல் என்பதும் நெடுநாளைய வழக்கு. வீட்டில் இங்ஙனம் அச்சத்தோடு அறிமுகமான அதே உயிர், பள்ளியின் முதல் வகுப்பில் வேறொரு கோலம் பூண்டு வருகிறது. எறும்பு சுறுசுறுப்பின் உருவமாகிறது. தேனீ சேமிப்பின் ஆசானாகிறது. வண்ணத்துப்பூச்சி அழகின் அடையாளமாகிறது. வீட்டிலே பேய், பள்ளியிலே உபதேசி. ஆறு கால்களோடும் இரண்டு உணர்கொம்புகளோடும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் உண்மையான எறும்பு இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே இருக்கிறது? குழந்தை இலக்கியத்தைத் திறனாய்வோர் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே.

நான்கைந்து வயதுக் குழந்தை மண்ணில் குந்தி எறும்பு வரிசையைப் பார்க்கும்போது அதன் உள்ளத்தில் எழுவன வினாக்கள். இது எங்கே போகிறது? வாயில் என்ன வைத்திருக்கிறது? எதிரே வருகின்ற எறும்பிடம் நின்று என்ன சொல்கிறது? இதற்கு அம்மா உண்டா? அருகில் நிற்கும் பெரியவரோ, 'பார்த்தாயா, எறும்பு எப்படி உழைக்கிறது! நீயும் அப்படி இருக்க வேண்டும்' என்று முடித்துவிடுகிறார். குழந்தை கேட்டது எறும்பைப் பற்றி. கிடைத்த விடை குழந்தையைப் பற்றி. வினா அங்கேயே மடிகிறது. பாடநூலுக்கென யாக்கப்படும் பாடல்களில் மிகப் பல இதே செயலைச் சந்தத்தோடு செய்கின்றன. நான்கு அடிகளில் எறும்பின் பெயர் வரும். ஐந்தாம் அடியில் 'தம்பி', 'பாப்பா' என்னும் விளி வரும். அதன்பின் எறும்பு திரும்பி வருவதில்லை.

இத்தகைய அறங்கள் சிற்றுயிரிடமிருந்து கற்றவை அல்ல, அதன்மேல் ஏற்றப்பட்டவை என்பதற்குத் தேனீ ஒன்றே போதிய சான்று. இக்காலச் சிறுவர் பாடல்களில் தேனீ சிறுசேமிப்புக்கு முன்மாதிரி. அஞ்சலக வங்கியில் கணக்குத் திறக்கச் சொல்லும் பாடல்களிலெல்லாம் அதற்கு இடமுண்டு. நாலடியாரைத் திறந்தால், உடுக்காமலும் உண்ணாமலும் அறம் செய்யாமலும் பொருளைக் குவித்துப் பிறரிடம் பறிகொடுக்கும் கருமிக்குச் சான்றாக நிற்பது அதே தேனீ. ஓரிடத்தில் போற்றத் தக்கது, மற்றோரிடத்தில் இரங்கத் தக்கது. இரண்டு புலவர்க்கும் தேனீயைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. செல்வத்தைப் பற்றித்தான் இருக்கிறது. தேனீ இருவருக்கும் ஊன்றுகோல். நாலடியார் பெரியோர்க்கான நூல். தேனீயை முன்பே அறிந்தவர்களிடம் அது பேசுகிறது. தேனீயை இன்னும் பார்க்காத குழந்தையிடம் அதன் அறத்தை மட்டும் கொடுப்பது வேறு செயல்.

எறும்பும் வெட்டுக்கிளியும் என்னும் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். கோடையெல்லாம் பாடித் திரிந்த வெட்டுக்கிளி, குளிர்காலத்தில் எறும்பிடம் இரந்து நின்று அவமானப்பட்டதாகக் கதை முடியும். ஈசாப் கதைகளின் வழிவந்த இதனைப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1668இல் வெளியிட்ட நீதிக்கதைத் தொகுதியின் முதற் பாடலாக வைத்தார். அங்கே பாடித் திரிவது சில்வண்டு. மொழிகள் மாறி மாறி வந்தபோது அது வெட்டுக்கிளியாயிற்று. குளிர்காலமே இல்லாத மலேசியாவில் பிறந்த குழந்தைக்கு இக்கதை எவ்வளவு பொருந்தும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கதை உண்மையா என்று கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது குறிப்பிடத்தக்கது.

ழான் ஆன்ரி ஃபாபர் (1823-1915) தென் பிரான்சில் எளிய குடும்பத்தில் பிறந்து, தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணி தொடங்கியவர். பெண்களுக்கு அறிவியல் விரிவுரை நிகழ்த்தியதால் எழுந்த எதிர்ப்பினால் 1870இல் கற்பிக்கும் பணியைத் துறந்தார். 1879இல் செரிஞான் என்னும் சிற்றூரில் கல்லும் முள்ளும் நிறைந்த தரிசு நிலம் ஒன்றை வாங்கிக் குடியேறினார். உழுதாலும் பயன் தராத அந்நிலம் குளவிக்கும் வண்டுக்கும் உகந்ததாக இருந்தது. அவருக்கு வேண்டியதும் அதுவே. அங்கே கண்டவற்றைப் பத்துத் தொகுதிகளாக 1879 முதல் 1907 வரை எழுதினார். சில்வண்டின் கதையை அவர் தம் கண்ணால் சோதித்தார். கோடை வெப்பத்தில் மற்றப் பூச்சிகள் நீரின்றித் தவிக்கும்போது, சில்வண்டு தன் கூரிய குழலால் மரப்பட்டையைத் துளைத்துச் சாற்றைப் பருகுகிறது. துளையின் ஓரத்தில் கசியும் சாற்றை நாடி ஈயும் குளவியும் எறும்பும் வருகின்றன. அவற்றுள் மிக அடாவடியானது எறும்பு. அது சில்வண்டின் காலைக் கடிக்கிறது, சிறகைப் பற்றி இழுக்கிறது, துளையிலிருந்து அதனை விரட்டவும் முயல்கிறது. கோடை முடிவதற்குள் சில்வண்டு இறந்துவிடும். குளிர்காலத்தில் இரந்து நிற்க அது உயிரோடு இருப்பதே இல்லை. செத்து விழுந்த உடலையும் எறும்புகள் துண்டு துண்டாக்கித் தூக்கிச் செல்கின்றன. உழைத்து ஊற்றைத் திறந்தது பாடகன். பறித்துக்கொண்டது உழைப்பாளி எனப் பெயர் பெற்றது. இருநூறு ஆண்டுகள் குழந்தைகள் மனப்பாடம் செய்த பாடல் தலைகீழாக நின்றது.

ஃபாபரை இங்கே நினைவுகூர மற்றொரு காரணமும் உண்டு. அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர்கள் அவருடைய பிள்ளைகளே. பூச்சிகளில் பேரார்வம் கொண்டிருந்த மகன் ழூல் 1877இல் இளமையிலேயே இறந்தபோது, தாம் விவரித்த குளவி இனங்கள் சிலவற்றுக்கு அவன் பெயரைச் சூட்டினார். முதுமையில் பிறந்த மகன் பவுலோ அவருக்குக் கண்ணும் கையுமாக இருந்தான். மே மாதத்து இரவொன்றைப் பற்றிய அவருடைய பதிவு ஆசிரியர் அனைவரும் படிக்கத் தக்கது. அன்று காலையில் கூட்டைவிட்டு வெளிவந்த பெரிய விட்டிற்பெண் ஒன்றை அவர் கம்பிவலைக் கூண்டில் வைத்திருந்தார். இரவு ஒன்பது மணியளவில் அடுத்த அறையில் ஒரே ஆரவாரம். பாதி ஆடையோடு சிறுவன் பவுல் குதித்தோடி, பறவை அளவு விட்டில்கள் அறை நிறைய வந்துவிட்டன என்று கூவுகிறான். தந்தை அவனை அதட்டவில்லை. தூங்கப் போகச் சொல்லவில்லை. மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அவனையும் அழைத்துச் சென்றார். அன்றிரவு வந்த ஆண் விட்டில்கள் ஏறக்குறைய நாற்பது. எட்டு இரவுகளில் வந்தவை நூற்றைம்பது. இருளில் எதனை அறிந்து அவை வந்தன என்பது அவரைப் பல ஆண்டுகள் வாட்டிய வினா. பெண்பூச்சி வெளியிடும், மனித மூக்குக்கு எட்டாத மணமே அவ்வழைப்பு என்பதற்கு 1959இல் வேதியியல் விடை கிடைத்தது. பட்டுப்பூச்சியிடமிருந்து அம்மணப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்மானிய அறிஞர் பூட்டெனான்ட். ஒரு சிறுவனின் கூச்சலில் தொடங்கிய வினாவுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே முழு விடை வந்தது. அதட்டி உறங்க வைத்திருந்தால் வினாவே இல்லை.

இவ்வகைப் பார்வை மேலைநாட்டுக்கே உரியது என்று தமிழாசிரியர் கருதிவிடலாகாது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, நத்தை இனத்தையும் சிப்பி இனத்தையும் ஈரறிவில் வைக்கிறது. சிதல் எனப்படும் கறையானையும் எறும்பையும் மூவறிவில் வைக்கிறது. நண்டையும் தும்பியையும் நான்கறிவில் வைக்கிறது. இப்பகுதியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். எறும்பை வைத்துச் சோதித்துப் பார்த்தவர் சிலரே. தொடுவுணர்வும் சுவையும் மோப்பமும் உடைய எறும்புக்குப் பார்வை ஓர் அறிவாகக் கூறப்படவில்லை. எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டால், வரும் எறும்புகள் அக்கோட்டில் நின்று, திகைத்து, அங்குமிங்கும் முகர்ந்து அலையும். வழி என்பது அவற்றுக்குக் கண்ணில் தெரிவதன்று, மணத்தில் தெரிவது. தொல்காப்பியம் இவ்வளவில் சரியாகவே கண்டது. எனினும் எறும்புகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு. நன்றாகப் பார்க்கும் இனங்களும் உள. வேலைக்காரக் கறையானே பெரும்பாலும் குருடு. இதனை மாணவரிடம் மறைக்க வேண்டுவதில்லை. இலக்கண நூலை மண்ணில் வைத்துச் சோதிக்கும் மாணவன் அதனை அவமதிக்கவில்லை. அதனை இயற்றியோர் செய்த வேலையைத் தானும் செய்கிறான்.

சங்கப் பாடல்களில் சிற்றுயிர் வெறும் உவமைக்காகவே வருகிறது என்பாரும் உளர். உவமைக்காகவே ஆயினும், பாராதவரால் அமைக்க முடியாத உவமைகள் அவை. அகநானூற்றின் 14ஆம் பாடல், கார்காலத்துச் செந்நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் நீலக் காயாம்பூக்களிடையே செந்நிற மூதாய்கள் ஊர்வதைப் பவளமும் நீலமணியும் கலந்த காட்சியாகக் காண்கிறது. மூதாய் என்பது பட்டுப்பூச்சி, இந்திரகோபம் எனப் பலவாறாக வழங்கப்படும் மென்மயிர்ச் சிற்றுயிர். முதல் மழைக்குப் பின் சில நாள்களே அது மண்ணுக்கு மேலே வரும். ஆதலின் அதன் பெயரைச் சொன்னாலே பருவம் சொல்லப்பட்டுவிடுகிறது. (அதற்குக் கால் எட்டு; பூச்சியன்று, சிலந்தியின் உறவு. குழந்தைகள் எண்ணிப் பார்க்கட்டும்.) நற்றிணையின் 252ஆம் பாடலில் பாலை வழியின் வாடிய ஓமை மரத்தில் சிள்வீடு ஒலிக்கிறது. புறநானூறு புற்றிலிருந்து எழும் ஈயலைப் புளித்த மோரோடு சேர்த்து ஆக்கிய உணவைச் சொல்கிறது. நெய்தல் நிலத்துச் சிறுமியர் அலவன் ஆட்டுகின்றனர். மணலில் நண்டைத் துரத்தி விளையாடும் அவ்விளையாட்டுக்கு இலக்கியத்தில் ஒரு பெயரே நிலைத்துவிட்டது. எங்கும் நண்டைப் போல் நட என்றோ நடவாதே என்றோ அறிவுரை இல்லை. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் தும்பியை அழைத்து, தன் மனம் மகிழ்வதற்காகப் பேசாமல் அறிந்ததையே கூறும்படி கேட்கிறான். பூச்சியிடம் உபதேசம் கேட்காமல் சாட்சியம் கேட்ட பாடல் அது.

அறமே கூடாது என்பதன்று வாதம். எப்போது வருகிறது என்பதே வினா. ஒளவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று தூக்கணங்குருவியின் கூட்டையும் அரக்கையும் கறையான் புற்றையும் தேன்கூட்டையும் சிலந்தி வலையையும் வரிசையாக நிறுத்தி, இவற்றைச் செய்வது யாவர்க்கும் எளிதன்று, ஆகவே எவரும் தாமே வல்லவர் எனத் தருக்க வேண்டா என முடிக்கிறது. இங்கும் அறம் உண்டு. ஆயினும் அது ஐந்து வேலைப்பாடுகளைப் பார்த்து வியந்த பின்னர் வருகிறது. அதுவும் மனிதனைச் சிறிது தாழ்த்துவதற்காக வருகிறது. ஐந்தையும் குழந்தைக்குக் காட்டிய பின் அப்பாடலைச் சொல்லும் ஆசிரியருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இதனினும் ஒரு படி மேலே நிற்பது 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் நாங்கூழ்ப் பகுதி. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் நடராசன் மண்புழுவை நோக்கிப் பேசுகிறான். அது மண்ணை உண்டு, மெழுகினும் நுண்ணிய சேறாக்கி, உருட்டி வெளியே கொணர்ந்து, பின்னர் ஒரு பிடி மண்ணால் தன் குழியை மூடிக்கொள்வதை அவன் சொல்கிறான். உழுவோர்க்கெல்லாம் அதனை அரசாக ஏற்றுகிறான். புகழை விரும்பாதது போல் அது ஒளிந்துகொள்கிறது என்னும் அறக்குறிப்பும் உண்டு. ஆனால் அக்குறிப்புக்கு முன் புழு என்ன செய்கிறது என்பது படிப்படியாகச் சொல்லப்பட்டுவிட்டது. இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1881இல், டார்வின் மண்புழுவைப் பற்றித் தம் இறுதி நூலை வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஓர் ஏக்கரில் பத்து டன்னுக்கும் மிகுதியான மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருகிறது என்று அவர் கணித்தார். புழுவுக்குச் செவிப்புலன் உண்டா என்று அறியக் குழல் ஊதியும் பியானோ வாசித்தும் பார்த்த அவ்வீட்டில், தாயை இழந்த பேரன் பெர்னார்டும் வளர்ந்துகொண்டிருந்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது. குழலொலியை மண்புழு பொருட்படுத்தவில்லை; ஆனால் அது இருந்த மண்தொட்டியைப் பியானோவின் மேல் வைத்துச் சுரத்தைத் தட்டியவுடன் வளைக்குள் ஒளிந்தது. ஒலியை அது கேட்பதில்லை, அதிர்வை உணர்கிறது. மனோன்மணீயத்தைத் தேர்வுக்காகப் பயிலும் மாணவர்க்கு இதனையும் சேர்த்துச் சொல்வதால் கவிதைக்கு எக்குறையும் நேராது.

பாரதியாரின் பாப்பா பாட்டு தமிழ்க் குழந்தைக்கு உயிர்களிடம் அன்பு கற்பித்த பாடல் என்பதில் ஐயமில்லை. குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு என அதில் வரும் உயிர்கள் பல. ஆறு கால் உயிர் ஒன்றுகூட இல்லை. இதனைக் குறை என்பதைவிட எல்லை எனல் பொருந்தும். முதுகெலும்பு உடையவற்றோடு அன்பு நின்றுவிட்டது. பின்வந்தோர் அவ்வெல்லையைக் கடந்து எறும்பையும் தேனீயையும் பாட்டுக்குள் அழைத்தபோது, அவற்றை உறவினராக அழைக்காமல் பாடம் சொல்லும் வேலைக்கு அமர்த்தினர் என்பதே வருத்தத்துக்குரியது.

மலேசியத் தமிழரிடையே தோட்டம் என்னும் சொல்லுக்குப் பொருள் வேறு. பூந்தோட்டம் அன்று, பால்மரமும் செம்பனையும் நிரையாக நிற்கும், நான்கு தலைமுறைகள் உழைத்த இடம். அத்தோட்டத்துச் சிற்றுயிர்களை அறிவது பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. 1901இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் சதுப்பை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திய மருத்துவர் மால்கம் வாட்சன், அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் தோற்பதைக் கண்டார். கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழலான சதுப்பில் வளர்வது. காட்டை வெட்டி நீரை வடித்தால் ஒழியும். மலைத்தோட்டங்களில் நோய் பரப்பிய கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது; காட்டை வெட்டியதும் பெருகிற்று. கொசுவெல்லாம் ஒன்று என எண்ணிய இடத்தில் மடிந்தவர்களுள் தென்னிந்தியத் தொழிலாளர் மிகப் பலர். நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்னும் இரண்டே பெட்டிகளை வைத்திருக்கும் பாடநூல் இந்த வரலாற்றுக்குப் போதாது.

மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பைத் தமிழகத்தார் முசுறு என்பர். இங்குள்ளோர் மலாய் வழக்கையொட்டிக் கெரெங்கா என்பர். எறும்புகள் ஒன்றையொன்று இடையில் பற்றிச் சங்கிலியாகித் தொலைவிலுள்ள இலையை இழுத்துவரும். இலை விளிம்புகள் சேர்ந்தவுடன் வேறு சில எறும்புகள் தம் குஞ்சுப் புழுக்களை வாயில் கவ்வி வந்து, நெசவாளி ஓடத்தை எறிவது போல இப்பக்கமும் அப்பக்கமும் தொட்டுச் செல்லும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு நூலே இலைகளைத் தைக்கிறது. அப்பட்டைத் தனக்கென்று கூடு கட்ட அப்புழு பயன்படுத்துவதில்லை. ஒற்றுமையே பலம் என்று இதன்மேல் எழுதி ஒட்டிவிட்டால், இந்தப் பட்டு நூல் மறைந்துபோகும். இன்று பாலர் பள்ளிப் பிள்ளைகள் பலர்க்கு முசுறும் தெரியாது, கெரெங்காவும் தெரியாது, எல்லாம் பூச்சி. தட்டான், ஊசித்தட்டான், பொன்வண்டு, மரவட்டை, பிள்ளைப்பூச்சி, கும்பிடுபூச்சி, மணலில் குழிபறித்துக் காத்திருக்கும் குழியானை ஆகிய பெயர்கள் அகராதிக்குள் ஒதுங்கி வருகின்றன. பெயர் போனால் பார்ப்பதும் போகும். பெயரைப் பாட்டில் வைத்துக் காப்பது கவிஞர் கடன்.

சிறுவருக்கு அறம் சொல்லாமல் இருப்பதா என்று கேட்போர்க்கு ஒரு விடை உண்டு. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் சிறுவனின் கையில்தான் அறம் இருக்கிறது. பாட்டின் கடைசி அடியில் இல்லை. நூலை அவிழ்க்கச் சொல்வதற்கு முன், அத்தட்டான் நீருக்குள் புழுவாக வாழ்ந்து, கொசுப்புழுக்களைத் தின்று வளர்ந்து, ஓரிரவில் தோலுரித்து வெளியே வந்தது என்பதை அவனுக்குக் காட்ட வேண்டும். காட்டியவுடன் அவன் அவிழ்த்துவிடுவான் என்னும் உறுதி இல்லை. ஆயினும் அவிழ்ப்பவன் எதனை அவிழ்க்கிறான் என்று அறிந்து அவிழ்ப்பான்.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது காற்றே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இங்கே காற்று அவ்வேலையைச் சரிவரச் செய்யாததால், முகப்பவுடரோடு கலந்த மகரந்தத்தூளைப் பாளைதோறும் தூவும் வேலை தொழிலாளர் தலையில் விழுந்தது; அவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். ஆப்பிரிக்காவில் அவ்வேலையைச் செய்வது அரைச் சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கூன்வண்டு என்று ஆய்வாளர் கண்டறிந்து, 1981இல் கமரூனிலிருந்து அதனைக் கொணர்ந்து ஜொகூரில் விட்டனர். சில ஆண்டுகளில் தூள் தூவும் வேலை மறைந்தது. அன்று தூள் தூவிய பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். சோம்பு மணக்கும் செம்பனை ஆண்பூங்கொத்து ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்து வெள்ளைத்தாளின்மேல் உதறினால், அவ்வண்டுகள் கூட்டங்கூட்டமாக மேசைமேல் ஓடும்.